முப்பத்தாறு படி

சீட்டைத் தூக்கி, கொக்கியை விலக்கி, பேட்டரியின் கைப்பிடிக்குள் நான்கு விரலையும் நுழைத்த மாத்திரத்தில் வேம்புலிக்குத் தோன்றிவிட்டது, இன்றைக்கு எடை கூடியிருக்கிறது என்று. கூட வழியில்லை. காலையில் நிறைந்த பேட்டரியோடு இறங்கினாலும் சாயங்காலம் தீர்ந்த பேட்டரியோடு ஏறினாலும் இருபத்திரண்டு கிலோ இருபத்திரண்டு கிலோதான். மண்ணெண்ணெய் டின் என்றால் தீரத் தீர லேசாகும். அரிசி மூட்டை லேசாகும். மனுசன்கூடப் பட்டினி கிடந்தால் லேசாவான், அதை அவர் தொண்ணூற்றொன்றாம் வருஷத்துப் போராட்டத்தில் கம்பெனி வாசலில் கண்ணால் பார்த்திருக்கிறார். இந்த ஈயப் பெட்டி மட்டும் காலியானாலும் தன் கனத்தை விட்டுக்கொடுக்காது. கரண்டு வண்டிக்குப் பெட்ரோல் இல்லை, புகை இல்லை, லைசென்ஸ் இல்லை என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். குடியிருப்பு வாரிய வீட்டில், லிஃப்டு இல்லாத கட்டடத்தில், இரண்டாவது மாடிக்காரன் அதை எப்படி வைத்துக்கொள்வது என்று எந்தக் கடைக்காரனும் சொல்வதில்லை. வண்டியைக் கீழே விடு, அதன் குடலை உருவி மேலே எடுத்துப் போ, விடிந்ததும் கொண்டுவந்து திரும்பச் செருகு. முப்பத்தாறு படி. ஒன்பது ஏறினால் ஒரு திருப்பம், இன்னும் ஒன்பது ஏறினால் ஒரு மாடி. ஒரு காலத்தில் எண்ணூறு பேரைத் தெருவில் இறக்கியவனுக்கு அறுபத்தொன்பது வயதில் உலகம் இவ்வளவுக்குச் சுருங்கியிருக்கிறது. சட்டைப் பையில், ரெஜினா கொடுத்த காகிதம் நான்காக மடிந்து மார்பில் குத்திக்கொண்டிருந்தது.

முதல் மாடி ரெஜினா, வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற கம்பெனியில் கரண்டு வண்டி ஓட்டுகிறவள், படிக்கட்டின் அடியிலேயே அவருக்காக நின்றிருந்தாள், வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு. "அங்கிள், முப்பத்திரண்டு வீட்டுல முப்பத்தொண்ணு போட்டாச்சு. நீங்கதான் பாக்கி. அதுவும் சும்மா கையெழுத்து இல்ல. ஏழு வருஷத்துக்கு முன்னாடி கீழ பிளக் பாயிண்ட் வேணாம்னு நீங்க குடுத்த ஆட்சேபம் இன்னும் வாரிய ஆபீஸ் ஃபைல்ல உக்காந்துனு இருக்காம். அத நீங்களே வாபஸ் வாங்கினாத்தான் நம்ம பிளாக்குக்கு வெப்பாங்களாம். லிஸ்ட் இன்னியோட முடியுது. நாலரைக்கு நான் கெளம்பிடணும்." படித்துவிட்டுத் தருகிறேன் என்றார். "படிங்க. நீங்க படிக்காம எதுலயும் கை வெக்க மாட்டீங்கன்னு பிளாக் முழுக்கத் தெரியும். ஒரே பக்கம்தான் அங்கிள், புஸ்தகம் இல்ல." சிரித்தாள். இரண்டு மாதத்துக்கு முன் அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன். டாக்டர் வண்டி ஓட்டலாம் என்றாராம், கனம் தூக்கக் கூடாது என்றாராம். அவள் தம்பி காலையில் வந்து பேட்டரியை இறக்கி வைத்தால் அவளுக்கு வேலை, வராவிட்டால் இல்லை. போன வாரம் அவன் மூன்று நாள் வரவில்லை. மூன்றாம் நாள் அவளே தூக்கி இறக்கினாள், அன்று சாயங்காலம் தையல் போட்ட இடத்தில் ரத்தம் கசிந்தது என்று யாரோ சொன்னார்கள். அவர் காதில் விழுகிறமாதிரி சொன்னார்கள்.

ஒன்று, இரண்டு. பெட்டி முழங்காலில் இடிக்காமல் இருக்க உடம்பை இடப்பக்கம் சாய்க்க வேண்டும். சாய்த்தால் இடுப்பு பிடிக்கும், நிமிர்ந்தால் முழங்கால். மூன்று, நான்கு. கீழேயே அவர் முதல் இரண்டு வரியைப் படித்துவிட்டார், அதுதான் வினை. 'அன்றைய சூழ்நிலையில் நியாயமாக இருந்த எனது ஆட்சேபணையை, தற்போது காலம் மாறியுள்ளதை முன்னிட்டு' என்று கம்ப்யூட்டரில் அடித்திருந்தாள். அவர் மனம் நோகக் கூடாது என்று எழுதியிருக்கிறாள், நல்ல பெண். ஆனால் இந்தப் பாஷை அவருக்குத் தெரியும். முதலாளிகளின் வக்கீல்கள் இப்படித்தான் எழுதுவார்கள். ஐந்து. ஒரு தவறைச் செய்தவன் எவனும் இல்லாமல், காலமே அதைச் செய்துவிட்டதுபோல. முன்னிட்டு, பொருட்டு, கருதி. இப்படிப்பட்ட அறிக்கைகளை அவர் மேடையில் வரி வரியாகக் கிழித்திருக்கிறார், கூட்டம் சிரித்துச் சிரித்து மண்ணில் உட்கார்ந்திருக்கிறது. காலம் எங்கே மாறியது. படி அதே படி. ஏழு வருஷத்துக்கு முன்பும் ஒன்பதாவது படியின் விளிம்பு உடைந்திருந்தது. எட்டு. ஒன்பது. கையெழுத்துப் போட்டால் பொய். போடாவிட்டால் ரெஜினாவின் வயிறு. பொய்யில்லாமல் எழுத வேண்டுமென்றால் என்ன எழுத வேண்டியிருக்கும் என்று அவர் மனம் ஓர் அடி முன்னால் வைத்து, சூடு பட்டதுபோல் பின்னுக்கு வந்துவிட்டது.

திருப்பத்தில் இறக்கினார். இறக்குவதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. முழங்காலை மடித்து, பெட்டியின் ஒரு மூலையை முதலில் தரையில் தொடவிட்டு, பிறகு அடுத்த மூலை, பிறகு மெதுவாக முழுப் பெட்டியும். கைக்குழந்தையைத் தொட்டிலில் இடுகிறமாதிரி. சத்தம் வரக் கூடாது. இந்த எட்டு மாதத்தில் ஒருநாளும் சத்தம் வந்ததில்லை. ஏன் வரக் கூடாது என்று அவர் தன்னிடமே சொல்லிக்கொண்டதும் இல்லை. விரல்களில் ரத்தம் செத்து வெளுத்திருந்தது, கைப்பிடியின் வரி உள்ளங்கையில் பதிந்திருந்தது. அது பீரோக் கைப்பிடி. வண்டியோடு வந்த பிளாஸ்டிக் பெட்டி முதல் வருஷமே விரிசல் விட்டதும், அப்போது அந்த வண்டியை வைத்திருந்த மூன்றாம் மாடி கன்னியப்பன் தகடு வாங்கி, வளைத்து, மூலைகளை மடித்து, தானே ஒரு பெட்டி செய்து பீரோக் கைப்பிடியை ரிவெட் அடித்தான். அதனால் இரண்டு கிலோ கூடுதல். கெட்டியாகச் செய்யாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. பதினாறு வருஷம் அவர்கள் இருவரும் இரும்பு பீரோ கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் நின்றவர்கள். அந்த ரிவெட்டைப் பார்த்தாலே தெரியும், ஒன்று போல ஒன்று, தலை சப்பையாகாமல். இப்போது எவன் இப்படி அடிக்கிறான். அதை யோசிக்காதே. வீட்டுக்குள் போனதும் வாளியில் மணல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சமையல்கட்டுச் சுவரோரம் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரியும் ஆறு மணி நேரமும் அவருக்கு மூக்கு வேலை செய்துகொண்டே இருக்கும். பெட்டி சூடானால் ஒரு அழுகின வாடை வரும். ஒருநாள் வந்தது. பிடுங்கிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார். ஒற்றை அறை, ஒற்றை வாசல், வாசலுக்கும் படுக்கைக்கும் நடுவில் அந்தப் பெட்டி. கீழே திறந்தவெளியில், நாலு சுவருக்கு வெளியே இருந்திருக்க வேண்டியது. இருந்திருக்க வேண்டியது என்றால், அதை இருக்க விடாமல் செய்தது யார்.

பத்து, பதினொன்று. அவர்தான். குடியிருப்போர் சங்கக் கூட்டம் கீழே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது. கன்னியப்பன் எழுந்து நின்று, ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மூன்றே வாக்கியம் பேசினான். மாடிப்படி அடியில் சுவரில் இரண்டு பிளக் பாயிண்ட். பொது மீட்டர். என்னைமாதிரி ஆளுக்கு உதவும். உட்கார்ந்துவிட்டான். வேம்புலி அதற்கு முந்தின வாரமே ரோஸ் காகிதத்தில் இருநூறு நோட்டீஸ் அடித்துவிட்டார், 'பொதுச் சுவரில் தனி மின்சாரமா?' என்று தலைப்பு. இன்று பிளக். நாளை அதற்கு ஒரு கம்பிக் கூண்டு. மறுநாள் கூண்டுக்குப் பூட்டு. அதற்கும் மறுநாள் சாவி யார் கையில். படிப்படியாக ஏற்றிக்கொண்டு போவது அவருக்குக் கைவந்த வித்தை, பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றவர் நோட்டீஸைப் படித்து, நோட்டீஸை எழுதி, நோட்டீஸிலேயே வளர்ந்தவர். பதின்மூன்று. கொள்கை சரிதான். இன்றைக்கும் அந்த நோட்டீஸில் ஒரு வரியைக் காட்டித் தப்பு என்று சொல் பார்க்கலாம். பொது இடம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் களவு போகிறது, அதை அவர் நாற்பது வருஷமாகப் பார்க்கிறார். நோட்டீஸோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. கூட்டம் கைதட்டியது, தட்டின கைக்கு ஒரு கூலி கொடுக்க வேண்டும்போல இருந்தது, கடைசியாக ஒன்று சொன்னார். "சைக்கிளு மிதிக்கச் சோம்பப்பட்டவனுக்கெல்லாம் ஊரு கரண்டு குடுக்கணுமா?" முப்பது வீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். கம்பெனியில் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் வலது பாதம் நசுங்கி, இரண்டு விரல் போய், முன்பாதம் மடங்காமல் போனவனைப் பார்த்து. கன்னியப்பனும் சிரித்தான். அதுதான். எல்லாரும் சிரித்து முடித்த பிறகும் ஒரு கணம் அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு மிச்சமிருந்தது, தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே. அவன் பெண்டாட்டி தனபாக்கியம் அன்றைக்குக் கூட்டத்துக்கு வரவில்லை. அது ஒன்றாவது நல்லதாகப் போயிற்று என்று ஏழு வருஷமாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

முதல் மாடி. ரெஜினாவின் கதவில் மாதா படம், பக்கத்தில் சுவரில் கறுத்த தழும்பு. பிளக் கிடைக்காததால் ஜன்னல் வழியாகக் கீழே ஒயரைத் தொங்கவிட்டார்கள், ஒரு மழையில் பொறி பறந்து சுண்ணாம்பு கரிந்தது, அதோடு ஒயர் தொங்கவிடக் கூடாது என்று உத்தரவு. மூலை, அடுத்த மூலை, முழுப்பெட்டி. இருதயம் காதுக்குள் அடித்தது. இங்கேயே உட்கார்ந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. உட்கார்ந்தால் யாராவது வருவார்கள், வந்தால் தூக்க வருவார்கள், வேம்புலிக்கு ஒருவன் தூக்கிக்கொடுத்தான் என்று இருக்கக் கூடாது. பதினெட்டு படி ஆயிற்று, பாதி. பாதியில் நிற்பது அவர் பழக்கமில்லை. பாதியில் நிற்காததால் வந்ததுதான் எல்லாம். அதைத்தானே கன்னியப்பன் சொன்னான். அந்தக் கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு, ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் பழைய தொழிற்சங்கத்துக்கு மிச்சமிருக்கும் அறையில், டீயை ஆற்றிக்கொண்டே, எந்தக் கோபமும் இல்லாமல், "அந்தக் கடைசி ஒரு மாசம் நீ இஸ்துருக்க வேணாம் வேம்புலி. மொதலாளி பாதி எறங்கி வந்தான் இல்ல, நாம ஒத்துனு உள்ள போயிருக்கலாம்" என்றான். அவ்வளவுதான். டீ குடித்தான், தம்ளரைக் கழுவினான், போய்விட்டான். தொண்ணூற்றொன்றில் நூற்றிப் பதினேழு நாள் வேலைநிறுத்தம். கம்பெனி மூடினது, திறக்கவில்லை. முதலாளி துரோகம் என்று அவர் எழுதின நோட்டீஸை எண்ணூறு பேரும் நம்பினார்கள், நம்பித்தான் ஆகவேண்டியிருந்தது, வேறு எதை நம்பி வீட்டுக்குப் போவது. கன்னியப்பனும் நம்புகிறான் என்று கால் நூற்றாண்டாக நினைத்திருந்தார். நம்பவில்லை. நம்பாமலேயே பக்கத்தில் நின்றிருக்கிறான், கொடி பிடித்திருக்கிறான், பசை காய்ச்சியிருக்கிறான். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் ரோஸ் காகிதம். பொதுச் சுவராவது, சாவியாவது. இல்லை, கொள்கையும்தான். கொள்கையும் இருந்தது. கொள்கை மட்டும் இருந்திருந்தால் செருப்பைப் பார்த்திருக்க மாட்டான்.

தூக்கினார். பத்தொன்பது, இருபது. கை மாற்றிப் பிடித்தாலும் தோள் அதே தோளாக வலித்தது. பீரோ கம்பெனியில் ஒருவன் தனியாகக் கனம் தூக்கி அவர் பார்த்ததில்லை. பெயிண்ட் ஷெட்டுக்குப் போகும் ஆறரை அடி பீரோவை இரண்டு ஆள் எடுக்க வேண்டும். பிரஸ் ஓடுகிற சத்தத்தில் வாயால் கூப்பிட முடியாது, கூப்பிட்டாலும் கேட்காது. அதனால் தகட்டில் இரண்டு தட்டு. டங், டங். ஒன்று என்றால் வேலைச் சத்தம், மூன்று என்றால் சூப்பர்வைசர் வருகிறான். இரண்டு என்றால் ஒரு கை வேண்டும். கிட்டத்தில் இருக்கிறவன் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வந்து மறுபக்கம் பிடிக்க வேண்டும். யார் தட்டினது என்று பார்க்கக் கூடாது. சண்டைக்காரனாக இருந்தாலும், வேறு சங்கத்துக்காரனாக இருந்தாலும், வரவேண்டும். யார் இந்தச் சட்டத்தைப் போட்டது என்று ஒருவருக்கும் தெரியாது, உடைத்தவன் ஒருவனும் இல்லை. இருபத்து மூன்று. கன்னியப்பன் கால் நசுங்கின அன்றைக்குக்கூட வாய் திறந்து கத்தவில்லை, கையில் கிடைத்த ஸ்பானரால் மிஷின் கவரில் இரண்டு தட்டுத் தட்டினான். ஓடினவர் வேம்புலி. பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டவர் வேம்புலி. 'இரண்டு தட்டே நம் முதல் பாடம்' என்று அதைப் பற்றியும் ஒரு நோட்டீஸ் எழுதினார், புதிதாக வேலைக்குச் சேர்கிறவனுக்கெல்லாம் கையில் கொடுத்தார்கள். நல்ல நோட்டீஸ். அவர் எழுதினதிலேயே நல்லது அதுதான் என்பார்கள்.

இரண்டாவது திருப்பம். மூலை, அடுத்த மூலை. நான்கு மணிக்கு மேல் ஆகியிருக்கும், எதிர் பிளாக்கின் தண்ணீர் டேங்க் நிழல் படிக்கட்டுச் சுவரில் துளைகளாக விட்ட ஜாலி வழியாக விழ ஆரம்பித்திருந்தது. மேலே ஒன்பது படி, அங்கே அவர் கதவு. அதற்கும் மேலே பதினெட்டுப் படியில் கன்னியப்பன் வீடு. தன் கதவுக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு அவர் கேட்டார். எதை மறந்தாலும் அதை மறக்க வழியில்லை. கூட்டம் முடிந்து ஆட்சேபமும் போய்ச் சேர்ந்த பிறகு, கன்னியப்பன் தினமும் சாயங்காலம் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினான், நல்ல காலை முதலில் வைத்து, மறுகாலை இழுத்து. ஒவ்வொரு படிக்கும் ஒரு இழுவை. தனபாக்கியம் அப்போது சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்தாள், காலையில் அவளை அந்த வண்டியில்தான் கொண்டுபோய் விடுவான். சாயங்காலம் இரண்டாவது மாடிக்கு வந்ததும் பெட்டியை இறக்குவான். முதலில் இறக்குகிற சத்தம், கனமாக, டொம் என்று. பிறகு கொஞ்சம் சும்மா இருக்கும். பிறகு தகட்டின் மேல், விரல் முட்டியால், டங், டங். உள்ளே வேம்புலி கையில் பேப்பரோ பேனாவோ இருக்கும். முதல்நாள் எழுந்துவிட்டார். எழுந்து, கதவின் தாழ்ப்பாளில் கையே வைத்துவிட்டார். வைத்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திறந்தால் தோற்றதாகிவிடும் என்று தோன்றியது, யாரிடம் தோற்றது என்று தெரியவில்லை. பெட்டியை இறக்கி வைக்கிற சத்தம்தான் அது, தகடு குலுங்குகிறது என்று சொல்லிக்கொண்டார். இறக்கி வைக்கிற சத்தம் முன்னாலேயே வந்துவிட்டது என்று அவர் காதுக்குத் தெரியும். மறுநாளும் டங், டங். அதற்கு மறுநாளும். எழுந்திருப்பது நின்று, பேனா நிற்பது மட்டும் இருந்தது. பிறகு பேனாவும் நிற்கவில்லை. ஆறு வருஷத்துக்கு மேல். நூற்றிப் பதினேழு நாளுக்கே எண்ணூறு குடும்பம் உடைந்தது, ஆறு வருஷத்துக்கு ஒரு கதவு அசையவில்லை.

கன்னியப்பன் படியில் விழவில்லை. அந்தத் தண்டனையைக்கூட அவன் அவருக்குக் கொடுக்கவில்லை. மஞ்சள்காமாலை வந்து, பெரியாஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்து செத்துப்போனான். பேட்டரியால் இல்லை, படியால் இல்லை, உங்களால் இல்லை என்று டாக்டர் சீட்டே எழுதிக் கொடுத்தமாதிரி. ஒன்பதாம் நாள் வேம்புலி பார்க்கப் போனார், உடம்பு முழுக்க மஞ்சளாக, வாயில் குழாயோடு இருந்தான், பேச்சு இல்லை. கட்டிலின் இரும்புக் கம்பியில் அவன் கை கிடந்தது. அது அசையுமோ என்று பயந்துகொண்டே அரை மணி நேரம் நின்றார். அசையவில்லை. காரியம் முடிந்து நாலாம் நாள் தனபாக்கியம் வண்டிச் சாவியோடு வந்தாள். "உங்ககிட்ட குடுக்கச் சொன்னாருண்ணா." ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததிலிருந்து அந்தக் கேள்வி தினமும் இரண்டு வேளை அவரோடு படி ஏறி இறங்குகிறது. பாசத்தில் கொடுத்தானா. இல்லை, தூக்கிப் பார் என்று கொடுத்தானா. முப்பத்தாறு படியில் ஏறும்போது தண்டனையாகவும் இறங்கும்போது பாசமாகவும் தோன்றும். தண்டனையாக இருந்தால் நல்லது என்றே அவருக்குத் தோன்றியது. தண்டனை என்றால் ஒருநாள் தீரும், ஒரு கணக்குக்கு வரும். அதனால்தான் பெட்டியைச் சத்தமில்லாமல் இறக்குகிறார். மேலே இருக்கிற பெண்பிள்ளைக்கு அந்தச் சத்தம் கேட்கக் கூடாது. புருஷன் இல்லாத வீட்டில் அவன் பெட்டியின் சத்தம் கேட்கக் கூடாது. அப்படி ஒரு கரிசனம். அப்படித்தானா. அவள் காதுக்குப் பயந்தா, தன் காதுக்குப் பயந்தா.

இருபத்தெட்டு. முப்பது. முப்பத்திரண்டில் கைப்பிடிச் சுவரில் தோளைச் சாய்த்து நின்றார். ரெஜினா நாலரைக்குக் கிளம்ப வேண்டும். பையில் காகிதம் வியர்வையில் நனைந்து சட்டையோடு ஒட்டியிருந்தது. எவ்வளவு சுலபம், நாலு எழுத்து, பெயர்கூட இல்லை, இனிஷியலும் ஒரு கோடும். நியாயமாக இருந்த எனது ஆட்சேபணை. போட்டுக் கொடுத்துவிட்டால் கீழே பிளக் வரும், ரெஜினாவின் தையல் ஆறும், இந்தப் பெட்டியும் கீழேயே நிற்கும், அவர் கை வீசிக்கொண்டு படி ஏறலாம், யாருக்கும் எதுவும் தெரியாது. கன்னியப்பன் ஒருவனுக்குத்தான் தெரியும், அவன் இல்லை. நியாயமாக இருந்த. அந்த இரண்டு சொல்லின்மேல் கையெழுத்துப் போட்டால் தாழ்ப்பாளில் வைத்த கையும் நியாயமாகிவிடும். முப்பத்து நான்கு. முப்பத்தைந்து. முப்பத்தாறு. தன் கதவுக்கு முன்னால் வந்து நின்றார், வெளிப்பக்கம், கன்னியப்பன் நின்ற இடத்தில். எட்டு மாதமாக இதே இடத்தில்தான் நிற்கிறார். உள்ளே யாருமில்லை, பெண்டாட்டி செத்துப் பன்னிரண்டு வருஷம், பையன் பெங்களூரில், கதவுக்குப் பின்னால் கையில் பேனாவோடு ஒருத்தரும் இல்லை. ஆனாலும் கதவு மூடியிருந்தது. விரல்கள் தாமாகவே விட்டன. மூலையும் இல்லை, அடுத்த மூலையும் இல்லை, டொம் என்று பெட்டி தரையில் உட்கார்ந்தது, படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. கொஞ்சம் சும்மா இருந்தார். பிறகு குனிந்து, விரல் முட்டியால், தகட்டின்மேல் தட்டினார். டங். டங்.

மேலே ஒரு கதவு திறந்தது. "இருங்க, வரேன்" என்று குரல் வந்தது, அவசரமில்லாமல், அடுப்பில் எதையோ இறக்கி வைத்துவிட்டு வருகிற குரல். செருப்பில்லாத கால்கள் ஒவ்வொரு படியாக இறங்கின. பாதிப் படியில் நின்றன. தனபாக்கியம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், திரும்ப அவரைப் பார்த்தாள்.

"நீங்களாண்ணா" என்றாள். "சத்தங் கேட்டதும் பழக்கத்துல எறங்கி வந்துட்டேன்."

"உனக்குத் தெரியுமா, ரெண்டு தட்டு?"

"ஆறு வருசம் தெனம் வந்து மறுபக்கம் புடிச்சவளாச்சே. தெரியாம இருக்குமா." மீதிப் படிகளையும் இறங்கி வந்தாள்.

அப்படியானால் அது அவளுக்குத் தட்டியது. அவருக்கு இல்லை. ஒரு புருஷன் பெண்டாட்டியைக் கூப்பிட்ட சத்தத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு ஏழு வருஷம் தூக்கியிருக்கிறோம் என்று ஒரு கணம் நினைத்தார், அந்த ஒரு கணம் நெஞ்சு நிறையக் காற்று இறங்கிற்று.

"உன்னத்தான் கூப்ட்டுனு இருந்தானா" என்றார்.

"இல்லண்ணா." அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை, தேதி சொல்வதுபோலச் சொன்னாள். "மொதல்ல உங்களுக்குத்தான் தட்டுவாரு. ஒரு பத்து நாளு பாத்தேன். தட்டுவாரு, நிப்பாரு, அப்பறம் தூக்கினு வருவாரு. உங்க வூட்ல லைட்டு எரியும். ஏங்க இந்தத் தட்டு, பெல்லு அடிச்சாத் தொறக்கப் போறாருன்னேன். பெல்லு அடிச்சா அது விருந்தாளி, தட்டினாத்தான் நம்ம ஆளு, அவனுக்குத் தெரியும்னாரு. நீங்க தொறக்கலன்னு ஆன பெறகு நானே எறங்க ஆரம்பிச்சேன். அப்பவும் உங்க வாசல்லதான் தட்டுவாரு. மேல வந்து தட்டுனா எனக்கு பாதிப் படி மிச்சம், அத மட்டும் கேக்க மாட்டாரு."

எதிர் பிளாக்கில் யாரோ துணி உதறினார்கள்.  வேம்புலிக்குக் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது, எட்டு மாதக் கேள்வி. "வண்டிய ஏன் எனக்குக் குடுக்கச் சொன்னான்?"

"அதுவா" என்றாள். "உங்களால சைக்கிள் மிதிக்க முடியல, மேட்டுல எறங்கித் தள்ளினு போறத பாத்தேன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல."

தண்டனை இல்லை. அதுகூட இல்லை. அவர் பெட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்தார், பையிலிருந்து ஈரக் காகிதத்தை எடுத்துத் தகட்டின்மேல் விரித்தார், பேனாவைத் திறந்தார். 'நியாயமாக இருந்த' என்பதை அடித்தார். மேலே 'தவறான' என்று எழுதினார். 'காலம் மாறியுள்ளதை முன்னிட்டு' என்பதையும் அடித்தார், அங்கே எதுவும் எழுதவில்லை. ரிவெட்டின் மேடு பட்டுக் காகிதம் ஓரிடத்தில் கிழிந்தது. கீழே காலியிடத்தில் எழுதத் தொடங்கினார், நாற்பது வருஷமாக நோட்டீஸ் எழுதின கை, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. தனபாக்கியம் காற்றில் பறக்காமல் காகிதத்தின் மறுபக்க ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, அவளிடம் நீட்டினார்.

"எனக்குக் கண்ணாடி மேல இருக்குண்ணா. நீங்களே படிங்க."

கீழேயிருந்து ரெஜினா கூப்பிட்டாள். "அங்கிள், மணி நாலு இருபது."

அவர் தொண்டையைக் கனைத்தார். "இந்தக் கோரிக்கையை ஏழு வருடம் முன்பே வைத்தவர் மூன்றாம் மாடி கன்னியப்பன். அதைத் தடுத்தது நான். காலில் ஊனமுற்ற அவரைக் கூட்டத்தின் நடுவே சோம்பேறி என்று சொன்னதும்..." குரல் உள்ளுக்குள்ளேயே போய்விட்டது, உதடு மட்டும் அசைந்தது.

"கொஞ்சம் சத்தமாப் படிங்கண்ணா" என்றாள் தனபாக்கியம், காகிதத்தின் ஓரத்தை விடாமல். "அன்னைக்கு நீங்க பேசினது மூணாவது மாடி வரைக்கும் கேட்டுச்சு."